பார் தெரிகிற நிறம்

ஏப்ரல் 22, செவ்வாய்

ஐஸ் கம்பெனிக்காரர்கள் புது வருஷத்துக்குக் கொடுத்த டைரி இத்தனை நாள் அலமாரியில் சும்மா கிடந்தது. இன்றைக்கு எடுத்துவிட்டேன். எழுத்தாளன் ஆகிற ஆசையெல்லாம் இல்லை. கண்ணாடி விஷயம். எந்த வெயிலுக்கு எந்த நிறக் கண்ணாடி கடலடியைக் காட்டுகிறது என்று அன்றன்றைக்குக் குறித்து வைக்காவிட்டால் சிந்தா மதார் என் தலையில் மிளகாய் அரைத்துவிடுவான்.

மதார் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் கண்ணாடிக்கடை வைத்திருக்கிறான். பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவன். கடலில் முழங்கால்வரைகூட இறங்கியது கிடையாது, ஆனால் கடலைப் பற்றி எனக்கே வகுப்பெடுப்பான். போலரைஸ்டு கண்ணாடி போட்டால் தண்ணீர்மேல் அடிக்கிற பளபளப்பை அது தடுத்துவிடுமாம், அடியில் கிடப்பது தெரியுமாம். அதில் பல நிறம். ஆழக்கடலுக்கும் உச்சி வெயிலுக்கும் சாம்பல். விடியலுக்கும் மேகமூட்டத்துக்கும் மஞ்சள். ஆழம் குறைந்த பாறைப் பக்கத்துக்குச் செம்பழுப்பு. பச்சை எல்லாவற்றுக்கும் ஒத்துவரும் என்றான். எல்லாவற்றுக்கும் ஒத்துவருகிற சாமான் எதற்கும் உதவாது என்றேன்.

அசல்தானா என்று பார்க்க அவனுடைய செல்போனையே வாங்கி, கண்ணாடியை அதன்முன் பிடித்து மெல்லத் திருப்பினேன். திரை அப்படியே இருண்டது. அசல்தான். சாம்பலை வாங்கிக்கொண்டு வந்தேன்.

விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் தொடங்கிவிட்டது. தடை இல்லாத சின்ன வள்ளம் வைத்திருக்கிற என்னைப் போன்றவனுக்கு இதுதான் காலம். கொண்டுவருகிற மீன் கரையில் இறங்குவதற்குள் விலைபோகிறது. வள்ளத்தில் நானும் என் மனைவி ஜெசிந்தாவின் தம்பி கிளாட்வினும் மட்டும். எஞ்சின் என் கையில், தூண்டில் இரண்டு பேர் கையிலும். கடலுக்கடியில் கிடக்கிற பாறைத் திட்டை நாங்கள் பார் என்போம். மீன் அதைச் சுற்றித்தான் நிற்கும். தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே பார் எங்கே என்று சொல்வதில் இந்தக் கரையில் பெர்க்மான்சை, அதாவது என்னை, அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஜிபிஎஸ் வைத்திருக்கிறவனெல்லாம் என்னிடம் வந்து கேட்டுவிட்டுப் போவான். நான் சொல்லவில்லை, ஊர் சொல்கிறது.

இந்த வருஷம் மட்டும் கண் கூச்சம் அதிகம். வெயில் கூடிவிட்டது. வேறொன்றும் இல்லை.

ஏப்ரல் 24, வியாழன்

சாம்பலின் முதல் நாள். மதார் புளுகவில்லை. மூன்று பாகம், அதாவது மூன்று ஆள் ஆழத்தில் நங்கூரம் கிடப்பது தெரிந்தது. அதன் பக்கத்தில் ஒரு களவா மீன் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்ததும் தெரிந்தது. கிளாட்வினிடம் கொடுத்தேன். போட்டுப் பார்த்துவிட்டு, "மச்சான், இது மீனுக்குச் செய்யுத துரோகம்" என்றான். விளமீன் நிறையக் கிடைத்தது, நல்ல பாடு.

திரும்பும்போது ஒரு வம்பு. தெர்மாகோல் பலகையை மிதவையாகக் கட்டிக்கொண்டு ஒற்றை ஆளாகத் தூண்டில் போடுகிறவர்கள் உண்டே, அதில் ஒருவன் இடப்பக்கம் எங்கிருந்தோ முளைத்தான். கிளாட்வின்தான் பார்த்தான். "வலத்த ஒடிங்க மச்சான், ஒடிங்க." ஒடித்தேன். வள்ளத்தின் அலையில் அவன் பலகை ஒரு குலுக்கு குலுங்கியது. "கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?" என்று கேட்டான். என்னைப் பார்த்து இந்தக் கடலில் ஒருவன் கேட்ட கேள்வி.

குறிப்பு: சாம்பல் உச்சிக்கு நல்லது. வெள்ளைப் பொருளை விழுங்கிவிடுகிறது. காதுப் பக்கம் பிரேம் அகலம்.

ஏப்ரல் 25, வெள்ளி

காபித் தம்ளரை ஜெசிந்தா கை படுகிற இடத்தில்தான் வைப்பாள். கொட்டிவிட்டது, அவள் தைக்க வைத்திருந்த யாருடையதோ ஜாக்கெட் துணிமேல். பேச்சுவார்த்தை இல்லை.

ஏப்ரல் 28, திங்கள்

மதாரிடம் சண்டை போட்டு மஞ்சளும் வாங்கினேன். மெல்லிய கம்பி பிரேம்தான் வேண்டும் என்று சொல்லி வாங்கினேன். விடியற்காலையில் போட்டால் கடல் முழுக்க எலுமிச்சைச் சோறு. ஆனால் மங்கலில் நல்ல தெளிவு. வெயில் ஏறியதும் கழற்றி எறியத் தோன்றுகிறது.

இன்றைக்கு ஒரு நல்ல காரியமும் நடந்தது. நங்கூரம் பாரில் மாட்டிக்கொண்டால் கிளாட்வின் இறங்கி எடுத்துவிடுவான். இறங்கும்போது இடுப்பில் ஒரு கயிறு கட்டிக்கொள்வான், மறுநுனி என் கையில் இருக்கும். மேலே வந்து வள்ளத்தைப் பிடித்ததும் இரண்டு இழுப்பு இழுப்பான். அது கிடைக்காமல் நான் கியரில் கை வைக்க மாட்டேன். இதுதான் எங்கள் வழக்கம். இன்றைக்கு அந்தக் கயிறே பாரில் சிக்கி அவன் நாலு மடக்கு உப்புத்தண்ணீர் குடித்துவிட்டு வந்தான்.

"இனிமே கயிறு வேண்டாம்ல. அடியில நீ மூஞ்சியச் சுளிச்சாக்கூட எனக்கு இங்கன தெரியுது" என்றேன்.

கொஞ்சம் யோசித்தான். "பழகிப்போச்சே மச்சான்."

"பின்னே கண்ணாடி எதுக்கு வாங்கியிருக்கேன்?"

அவிழ்த்துப் போட்டுவிட்டான். சொன்னால் கேட்கிற பிள்ளை.

மே 1, வியாழன்

ஆட்டோக்காரர்கள் இப்போதெல்லாம் ஹாரன் அடிப்பதே இல்லை. மார்க்கெட் முக்கில் இடப்பக்கமாக வந்து என் பைக்கை உரசினான் ஒருவன். அவனே இறங்கிவந்து, "அண்ணாச்சி, நா ஹாரன அமுக்குன கைய எடுக்கவே இல்ல" என்று சாதித்தான். கூட்டம் அவன் பக்கம் பேசியது. கைமுட்டியில் சிராய்ப்பு.

ஜெசிந்தா மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே, "ஒரு எட்டு போயி கண்ணக் காட்டிட்டு வந்திருவமா?" என்றாள். ஆட்டோக்காரனின் கண்ணை முதலில் காட்டச் சொல் என்றேன். அவள் பற்றைக் கொஞ்சம் அழுத்தியே போட்டாள்.

மே 4, ஞாயிறு

கிளாட்வினுக்கு இன்றைக்கு முதல் ஓலை. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் மாப்பிள்ளை பெண் பேரை வாசிப்பார். இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து தெரிவிக்க வேண்டும் என்பார். பெண் வேம்பாரில். பேர் விஜிலா. கல்யாணம் 26ஆம் தேதி. பேரை வாசித்தபோது இவன் காது இரண்டும் சிவந்துவிட்டது.

காணிக்கைப் பை பிடிக்கிறவர் என் பக்கத்தில் வந்து எவ்வளவு நேரம் நின்றாரோ, கடைசியில் இருமினார். நான் சுவாமியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூசை நேரத்தில் வேறு எங்கே பார்ப்பது?

மே 6, செவ்வாய்

கிளாட்வின் எப்போதும் வள்ளத்தின் முன்பக்கம், அணியத்தில்தான் உட்காருவான். இந்த வாரம் பின்னால் வந்து என் இடப்பக்கம் குந்திக்கொள்கிறான். "எடது பக்கம் மிதவை மச்சான்." "எடது பக்கம் வலை கெடக்கு மச்சான்." டவுன் பஸ் கண்டக்டர் தோற்றான். உனக்கு அங்கே என்னல வேலை என்று கேட்டேன். முன்னால் சாரல் அடிக்கிறதாம். இத்தனை வருஷம் அடிக்காத சாரல்.

குருடனுக்கு வழி சொல்வதுபோல் சொல்லாதே என்று கத்திவிட்டேன். அவன் இடத்தை மாற்றிக்கொள்ளவே இல்லை.

குறிப்பு: பச்சை. ஒருநாள் மதாரிடம் இரவல் வாங்கிப் போட்டேன். நான் சொன்னதுதான்.

மே 9, வெள்ளி

ஜெசிந்தா பிடித்த பிடியில் நின்று திருநெல்வேலிக்குக் கூட்டிப்போய்விட்டாள். பெரிய கண் ஆஸ்பத்திரி. ஏழெட்டு இடத்தில் உட்காரவைத்து எழுப்பினார்கள். ஒரு நர்ஸ் பிள்ளை என் வலது கண்ணை மூடி எழுத்தைப் படிக்கச் சொன்னது. அந்த அறையில் வெளிச்சம் போதவில்லை.

பிறகு ஒரு மெஷின். வெள்ளைக் கிண்ணத்துக்குள் தலையை வைத்து நடுவில் பார்க்க வேண்டும். எங்கேயாவது வெளிச்சப் புள்ளி வந்தால் கையிலுள்ள பொத்தானை அமுக்க வேண்டும். வலது கண்ணுக்கு டக் டக்கென்று அமுக்கினேன். இடது கண்ணுக்கு வந்தபோது மெஷினில் ஏதோ கோளாறு. ரொம்ப நேரம் புள்ளியே வரவில்லை. "புள்ளி வரலியேம்மா" என்று சொன்னேன். "வருது சார், நீங்க பாத்துட்டே இருங்க" என்றது அந்தப் பிள்ளை. வராத புள்ளியை எங்கே போய்ப் பார்ப்பது?

டாக்டர் அம்மாவிடம் போவதற்கு முன்னால் ஜெசிந்தாவை அல்வா வாங்க அனுப்பிவிட்டேன். கூட்டம் சேர்ந்துவிட்டால் அல்வா தீர்ந்துவிடும்.

டாக்டர் சின்ன வயசு. மெஷின் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "கண்ணுல பிரஷர் ரொம்ப ஏறியிருக்குங்க. வண்டி ஓட்டுறீங்களா?" என்று கேட்டார். பைக்கை விட்டுவிடுகிறேன் என்றேன். வள்ளத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. சொட்டு மருந்து எழுதினார். அடுத்த வாரம் வீட்டு ஆளோடு வரச் சொன்னார். விவரமாகப் பேச வேண்டுமாம். எந்த நிறக் கண்ணாடி நல்லது என்று கேட்கத்தான் போனேன். அவர் முகத்தைப் பார்த்ததும் கேட்கத் தோன்றவில்லை.

"என்ன சொன்னாவ?" என்றாள் ஜெசிந்தா, அல்வாப் பொட்டலத்தோடு.

"வெயில் ஒத்துக்கலியாம். நல்ல கண்ணாடியாப் போடச் சொன்னாவ."

பஸ்ஸில் அவள் ஜன்னலைப் பார்த்தே வந்தாள். அல்வா வீட்டுக்கு வந்தும் பிரிக்கவில்லை.

மே 10, சனி

சொட்டு மருந்தை வள்ளத்தில் ஸ்பேனர் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். பிரஷர் யாருக்குத்தான் இல்லை.

மே 11, ஞாயிறு

இரண்டாவது ஓலை. மாப்பிள்ளைக்கு வேட்டி எடுத்தோம்.

மே 13, செவ்வாய்

செம்பழுப்பு.

இதை முதல் நாளே வாங்கியிருந்தால் மூன்று வாரச் சண்டையும் மிச்சம். மணல் தனியாக, பாசி தனியாக, பார் தனியாக நிற்கிறது. பாரின் விளிம்பில் ஊளி மீன் கூட்டம் நின்றதை வள்ளத்திலிருந்தே எண்ணிவிடலாம்போல் இருந்தது. தூண்டில் போட்ட கை ஓயவில்லை. கரையில் எங்கள் மீனைப் பார்த்துவிட்டு, எங்கே பிடித்தீர்கள் என்று கேட்காத ஆள் இல்லை. கடலில் என்றேன்.

மெஷினும் வேண்டாம் மருந்தும் வேண்டாம். கண்ணில் ஒன்றுமில்லை. நிறத்தில்தான் இருந்திருக்கிறது எல்லாம். இன்றைக்கு ரொம்பச் சந்தோஷம். ஜெசிந்தாவிடம் நானாகப் போய்ப் பேசினேன். அவளும் பேசினாள்.

மே 15, வியாழன்

எழுத உட்கார்ந்து ரொம்ப நேரம் ஆகிறது.

காலையில் அதே பார். செம்பழுப்புதான் போட்டிருந்தேன். தண்ணீர் கண்ணாடிபோல் கிடந்தது. மீன் சுமாராகத்தான் கடித்தது. கிளம்பலாம் என்று நங்கூரத்தை இழுத்தால் வரவில்லை, மாட்டிக்கொண்டது. கிளாட்வின் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினான். இடுப்பில் கயிறு கிடையாது.

அவன் அடியில் போவது அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது. நங்கூரத்தின் கொக்கியை இரண்டு கையாலும் அசைக்கிறான். பாசி கிளம்புகிறது. கொக்கி கழன்றது. நங்கூரக் கயிறு என் கையில் தளர்ந்தது. அவன் காலை உதைத்து மேலே கிளம்புவதைப் பார்த்தேன். நங்கூரத்தைத் தூக்கி உள்ளே போட்டேன். அதற்குக் குனிந்து நிமிர்ந்த நேரம்தான்.

நங்கூரம் பாரை விட்டதும் நீரோட்டம் வள்ளத்தைப் பாரின் மேட்டுப் பக்கம் தள்ளியது. அங்கே தண்ணீர் முழங்கால் ஆழம்தான். ஏறினால் வள்ளத்தின் அடி கிழிந்துவிடும். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, கியர் மட்டும்தான் போட வேண்டும். சுற்றிப் பார்த்தேன். நான் பார்த்தேன், அதில் சந்தேகம் இல்லை. முன்னால் பார்த்தேன். வலப்பக்கம் பார்த்தேன். இடப்பக்கமும் பார்த்ததாகத்தான் நினைத்தேன். தண்ணீர் சுத்தமாக இருந்தது, யாரும் இல்லை. அணியத்துப் பக்கம் எழுந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டு கியரைப் போட்டேன்.

எஞ்சின் ஒரு திணறல் திணறியது. தண்ணீருக்குள் சுற்றுகிற எஞ்சின் விசிறி எதிலோ பட்ட சத்தம். பிறகு, "மச்சான்" என்று ஒரு குரல், என் இடது முழங்கைக்குப் பக்கத்திலேயே.

எஞ்சினை அணைத்துவிட்டு முழுசாகத் திரும்பினேன். வள்ளத்தின் விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தொங்கினான். அவன் முகம் எனக்கு ஒரு கை தூரத்தில் இருந்தது. அவ்வளவு நேரமும் அங்கேதான் இருந்திருக்கிறான். கை நீட்டிக் கூப்பிட்டானாம், நான் அவனைப் பார்த்தே தலையைத் திருப்பினேனாம், அதனால் பார்த்துவிட்டேன் என்று நினைத்து ஏறக் காலைத் தூக்கினானாம். இதை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஒரு குற்றமும் சொல்லாமல் சொன்னான்.

தூக்கி உள்ளே போட்டேன். இடது கெண்டைக்காலில் அடுத்தடுத்து மூன்று வெட்டு. வேட்டியைக் கிழித்துக் கட்டினேன். கட்டக் கட்ட நனைந்தது. கரை வருகிறவரை இடப்பக்கம் எது வந்தது, எது போனது என்று எனக்குத் தெரியாது. தெய்வம்தான் ஓட்டியது. வள்ளத்தின் தரையில் படுத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அவன் அப்போதும் தலையைத் தூக்கித் தூக்கி இடப்பக்கம் பார்த்தான்.

கரை தெரிந்ததும் என் கையைப் பிடித்தான். "பார் கிழிச்சிட்டுன்னு சொல்லுங்க மச்சான். நானும் அதையேதான் சொல்லுவேன்."

சரி என்றேன்.

எலும்புக்கு ஒன்றும் இல்லை. தையல் போட்டிருக்கிறார்கள். நரம்பு தப்பியது அதிர்ஷ்டம் என்றார் டாக்டர். ஜெசிந்தா தம்பியின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் பார் கிழித்துவிட்டது என்று அவளிடம் சொன்னேன்.

மே 16, வெள்ளி

போகவில்லை.

மே 17, சனி

பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் கிளாட்வின் கதை சொல்கிறான். பார் நீளம் கூடிக்கொண்டே போகிறது. இன்றைக்கு மத்தியானம் ஒரு விலாங்கு மீனும் வந்து சேர்ந்துவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

கடைத்தெருவில் வேறு கதை. மாப்பிள்ளைப் பையன் போதையில் இறங்கியிருக்கிறான் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அவன் வாசனை பிடித்தால்கூடத் தும்முகிறவன்.

மே 18, ஞாயிறு

மூன்றாவது ஓலை. பூசைக்கு முன்னால் பெண்ணின் அப்பா கஸ்பார் அண்ணாச்சி வேம்பாரிலிருந்து வந்துவிட்டார். கூட யாரும் இல்லை, அவர் மட்டும். அவரும் வள்ளக்காரர்தான். காபி கொடுத்தோம், வாங்கி ஓரமாக வைத்துவிட்டார்.

"கட்டப் பிரிங்க தம்பி, பாப்பம்" என்றார் கிளாட்வினிடம்.

பிரித்தான். அவர் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"பார் கிழிச்சா தாறுமாறாக் கிழிக்கும். நா அம்பது தடவ கிழிபட்டவன். இது வரிசையா வெட்டியிருக்கு. விசிறி வெட்டு." நிமிர்ந்து உட்கார்ந்தார். "எஞ்சின் ஓடும்போது பின்னால வரக் கூடாதுன்னு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பொய் வேற சொல்லுதீய. ஊர்ல ஒண்ணு பேசுதாவ. அது நெசமான்னு கேட்டுட்டுப் போவத்தான் வந்தேன். நெசம்னா சொல்லிருங்க. இன்னைக்கு ஓலைய நிறுத்தச் சொல்லி வீட்டுல ஒரே அழுகை. குடிக்குதவனக் கட்டி எங்க அக்கா பட்டது போதும்."

கிளாட்வின் என்னைப் பார்க்கவில்லை. தன் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"ஆமா மாமா. அன்னைக்குக் கொஞ்சம் போட்டிருந்தேன். இனிமே தொட மாட்டேன்."

இந்தப் பையன் எனக்காக விஜிலாவையே விடத் துணிந்துவிட்டான். நான் சும்மா இருந்தால் போதும். வள்ளம் என்னிடம் இருக்கும், பேர் என்னிடம் இருக்கும், திங்கட்கிழமை செம்பழுப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பலாம். ஒரு நிமிஷம் சும்மாவும் இருந்தேன். அந்த ஒரு நிமிஷத்துக்காக வெட்கப்படுகிறேன்.

"அவன் குடிக்கல அண்ணாச்சி" என்றேன். "கியரப் போட்டது நான். அவன் என் பக்கத்துல நின்னான். நான் பாக்கல."

"பாக்கலன்னா?"

"தெரியல. எனக்கு எடது பக்கம் தெரியல. கொஞ்ச நாளாவே தெரியல. இடுப்புக் கயித்த அவுக்கச் சொன்னதும் நான்தான்."

சொன்ன பிறகு என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது. "மச்சான், விடுங்க" என்றான் கிளாட்வின். வாயை மூடுல என்றேன்.

"டாக்டர்ட்ட காட்டுனீயளா?" என்று கேட்டார் கஸ்பார் அண்ணாச்சி. குரலில் சூடு இறங்கியிருந்தது.

"காட்டுனேன். பிரஷராம். வண்டி ஓட்டக் கூடாதாம். வீட்டு ஆளோட வரச் சொன்னாவ. நான் வீட்டுல சொல்லல."

"இப்ப சொல்லிட்டீய" என்றாள் ஜெசிந்தா. என் இடப்பக்கம் கதவோரம் நின்றிருக்கிறாள். எப்போது வந்தாள் என்று எனக்குத் தெரியாது. அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. கஸ்பார் அண்ணாச்சியின் காபி ஆறிவிட்டது என்று எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சூடாக வேறு காபி வந்தது. அவர் குடித்தார். பிறகு கிளாட்வினின் கட்டைத் தானே திரும்பச் சுற்றிவிட்டார். "இவ்வளவு பெரிய பொய்ய இனிமே யாருக்காகவும் சொல்லாதீய தம்பி. எம்மவ நம்பிருவா" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "பூசைக்கு மணி அடிச்சிட்டு. வாங்க போவம்."

ஓலை வாசித்தார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று சாமியார் சொல்லி நிறுத்தியபோது கஸ்பார் அண்ணாச்சி நேராகப் பீடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மே 20, செவ்வாய்

ஜெசிந்தாவோடு திருநெல்வேலி. இந்தத் தடவை அவளை எங்கேயும் அனுப்பவில்லை.

டாக்டர் காகிதத்தை விரித்துக் காட்டினார். இடது கண்ணின் வட்டத்தில் பெரும்பகுதி கறுப்பு. வலதிலும் ஓரத்தில் கறுப்பு ஏற ஆரம்பித்திருக்கிறது. கறுப்பாகிப் போனது திரும்பாதாம். மீதியைக் காப்பாற்றலாம். சொட்டு மருந்து ஒரு வேளை தவறக் கூடாது, தேவைப்பட்டால் ஆபரேஷன். வள்ளம் ஓட்டலாமா என்று ஜெசிந்தா கேட்டாள். கூடாது என்றார். கூட ஆள் இருந்தால்? கூடாது.

கடைசியில் நானும் கேட்டுவிட்டேன். "எந்த நிறக் கண்ணாடி நல்லதுங்க?"

"உங்களுக்குப் பிடிச்ச எதையும் போடுங்க. கூசாம இருக்கும். ஆனா எந்த நிறம் போட்டாலும் அந்தப் பக்கம் தெரியாதுங்க."

பஸ்ஸில் ஜெசிந்தா என் இடப்பக்கம் உட்கார்ந்தாள். கையைப் பிடித்துக்கொண்டாள். "பயமா இருக்கா?" என்றாள். ஆமா என்றேன்.

மே 26, திங்கள்

கல்யாணம். மாப்பிள்ளை கொஞ்சம் நொண்டினான். விஜிலா அதற்கேற்ப மெதுவாக நடந்தாள். பிரியாணியில் உப்பு கம்மி.

ஜூன் 9, திங்கள்

கிளாட்வின் இன்றைக்கு எஞ்சினைப் பிடித்தான். கூட விஜிலாவின் அண்ணன் ஆல்ட்ரின் வந்திருக்கிறான். செம்பழுப்பைக் கொடுத்தேன். "எதுக்கு மச்சான், எனக்கு ரெண்டு கண்ணும் நல்லாத்தான இருக்கு" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். வாங்கி மாட்டிக்கொண்டான்.

பார் இருக்கிற திசையைச் சொல்லப்போனேன். வாயை மூடிக்கொண்டேன். அவனுக்குத் தெரியும்.

வள்ளத்தைத் தள்ளிவிட்டுக் கரையில் நின்றேன். எஞ்சின் சத்தம் நன்றாக இருந்தது. துண்டால் கண்ணைத் துடைத்தேன், அதை மறைக்கவில்லை. பக்கத்தில் இரண்டு பேர் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நேராகப் போய்க்கொண்டிருந்தவன் கடலுக்குள் நீளும் படகுத்துறைப் பாலத்தின் முனை தாண்டியதும் இடப்பக்கம் ஒடித்தான். வள்ளம் காணாமல் போய்விட்டது. சத்தம் மட்டும் கேட்டது.

தலையை இடப்பக்கம் திருப்பினேன். இருந்தது.